பெருந்தமனியின் கதை: ஒரு ராஜாவிலிருந்து என் தம்பி வரை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பியின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டதும் ஆளாளுக்குக் கேள்வி. "ஹார்ட்டில் அடைப்பா?" என்றார் ஒருவர். "வயிற்றில் கட்டியா?" என்றார் இன்னொருவர். "வாயுத் தொல்லைக்கு இவ்வளவு பெரிய ஸ்கேனா?" என்று ஒரு சிரிப்பு பொம்மையும் வந்தது. அடைப்பும் இல்லை, கட்டியும் இல்லை, வாயுவும் இல்லை. அது பெருந்தமனியில் வந்த வீக்கம். இதை இரண்டு வரியில் விளக்கினால் யாருக்கும் மனதில் நிற்காது. வரலாறாகச் சொன்னால் நிற்கும் என்று 34 வருடம் வகுப்பறையில் நின்ற எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. படித்ததை எளிமையாகச் சொல்லத் தெரிந்த இடைநிலை ஆசிரியை, அவ்வளவுதான்.

முதலில் ஐந்தாம் வகுப்புப் பாடம். இதயத்தின் இடது பக்கத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் பெருந்தமனி. குடையின் கைப்பிடி போல மேலே எழுந்து, வளைந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. மார்பில் சுமார் இரண்டரை முதல் மூன்று செ.மீ. அகலம், வயிற்றில் சுமார் 2 செ.மீ. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு ரத்தம் இதன் வழியே போகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இதயத்தின் அடி இதன் சுவரில் விழுகிறது. அந்தச் சுவருக்கு மூன்று அடுக்கு. நடு அடுக்கில்தான் ரப்பர் போல விரிந்து சுருங்கும் நார்கள் இருக்கின்றன.

இந்தக் குழாய்க்கு இரண்டு விதமாகக் கேடு வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, வீக்கம். சைக்கிள் ட்யூப் ஓர் இடத்தில் நைந்துபோனால் காற்றடிக்கும்போது அங்கே மட்டும் புடைக்கும் அல்லவா, அதுபோல. இதை டாக்டர்கள் அனியூரிசம் என்கிறார்கள். வருடக்கணக்கில் வலியே இல்லாமல் வளரும். ஒருநாள் வெடிக்கும்.

இரண்டு, கிழிசல். நம் பாட்டிமார்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை நினைவிருக்கிறதா? உள்துணியில் ஓட்டை விழுந்தால் காசு பையை விட்டு வெளியே விழாது, இரண்டு துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெருந்தமனியின் உள் அடுக்கு கிழிந்தால் ரத்தமும் அப்படித்தான் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுவரைப் பிரித்துக்கொண்டே போகும். இதற்கு டிசெக்ஷன் என்று பெயர்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1760 அக்டோபர் 25. லண்டன் கென்சிங்டன் அரண்மனை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்கு 76 வயது. காலை 6 மணிக்கு எழுந்தார், வழக்கம்போல ஒரு கோப்பை சாக்லேட் பானம் குடித்தார், கழிவறைக்குப் போனார். தொப்பென்று ஒரு சத்தம். பணியாள் ஓடிப்போய்ப் பார்த்தால் மன்னர் தரையில் கிடக்கிறார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. மன்னர் உடலைப் பதப்படுத்துவதற்காகத் திறந்தபோது ஃபிராங்க் நிக்கோல்ஸ் என்ற அரண்மனை மருத்துவர் உள்ளே கண்டதை அப்படியே எழுதிவைத்தார். இதயத்தைச் சுற்றியிருக்கும் பை நிறைய உறைந்த ரத்தம். பெருந்தமனியின் உட்புறத்தில் ஒன்றரை அங்குல நீளத்துக்குக் குறுக்கே ஒரு கிழிசல். அதன் வழியே ரத்தம் வெளி அடுக்குக்கு அடியில் புகுந்திருக்கிறது. பெருந்தமனிக் கிழிசல் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தெளிவான பதிவு இதுதான் என்கிறார்கள். ராஜாவாக இருந்ததால் உடலைத் திறந்தார்கள், எழுதினார்கள். அதே நாளில் அதே நோயில் விழுந்த ஒரு கூலிக்காரனைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வீக்கத்தைப் பற்றி அதற்கும் முன்பே தெரியும். இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரி காலத்து மருத்துவர் காலன் தமனி வீக்கத்தை விவரித்திருக்கிறார். அதே காலத்தைச் சேர்ந்த ஆண்டில்லஸ் என்ற கிரேக்க மருத்துவர், வீங்கிய தமனிக்கு மேலேயும் கீழேயும் நூலால் கட்டி நடுவில் திறந்துவிடும் முறையைச் சொன்னார். ஆனால் அதெல்லாம் கை, கால் தமனிகளுக்கு. பெருந்தமனியை அப்படிக் கட்டினால் கீழே உள்ள உடம்புக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? 1817இல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற பெரிய அறுவை மருத்துவர், வீக்கம் வெடித்து ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் வயிற்றுப் பெருந்தமனியையே கட்டினார். அந்த மனிதர் 40 மணி நேரம் உயிரோடு இருந்தார். மயக்க மருந்து வருவதற்கு 30 வருடம் முந்திய காலம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1819இல் கிழிசல் நோய்க்குப் பெயர் வைத்தவர் பிரான்சு நாட்டு லென்னெக். இவரை உங்களுக்குத் தெரியும். காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, அதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை உண்டாக்கியவர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெயர் வைத்தாரே தவிர, உயிரோடிருக்கும் ஆளிடம் இந்த நோயைக் கண்டுபிடிக்க அவரிடமும் வழியில்லை. அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் இந்த நோயின் பெயர் பெரும்பாலும் பிணப் பரிசோதனை அறிக்கையில்தான் எழுதப்பட்டது.

உள்ளே இருப்பதைப் பார்க்க முடிந்தால்தானே வைத்தியம்? 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, ரத்தக் குழாய் தெளிவாகத் தெரியவில்லை. 1929இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் டோஸ் சான்டோஸ் என்ற மருத்துவர் முதுகுப் பக்கமாக நீண்ட ஊசியைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைப் பெருந்தமனிக்குள் ஏற்றிப் படம் எடுத்தார். உயிருள்ள மனிதரின் பெருந்தமனி முதன்முதலாக ஆறு போல, கிளைகளோடு படத்தில் தெரிந்தது.

சரி, தெரிந்தாயிற்று. என்ன செய்வது? இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ஐன்ஸ்டைனுக்கு அடிக்கடி வயிற்று வலி வரும். 1948 டிசம்பரில் நியூயார்க் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் நிஸ்ஸன். ஐன்ஸ்டைனும் அப்படி வந்தவர்தான். உள்ளே பார்த்தால் பெருந்தமனி ஒரு பெரிய பழத்தின் அளவுக்கு வீங்கியிருக்கிறது. அதை வெட்டி எடுத்து மாற்றும் வித்தை அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை. நிஸ்ஸன் என்ன செய்தார் தெரியுமா? மிட்டாய் சுற்றும் செல்லோபேன் தாளை எடுத்து வீக்கத்தைச் சுற்றிக் கட்டினார். உடம்பு அந்தத் தாளை அந்நியப் பொருளாக எண்ணி அதைச் சுற்றித் தழும்பு போட்டுக்கொள்ளும், அந்தத் தழும்பு சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது. ஐன்ஸ்டைன் 6 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

1955 ஏப்ரலில் வீக்கம் கசிய ஆரம்பித்தது. இப்போது அறுவை சிகிச்சை முறை வந்திருந்தது, செய்யலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் தனக்கு விருப்பமில்லை, போகும் நேரம் வந்துவிட்டது என்று ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மூக்குக் கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஏப்ரல் 18 அதிகாலையில் பிரின்ஸ்டனில் இறந்தார். வயது 76. இரண்டாம் ஜார்ஜ் இறந்த அதே வயது.

1948க்கும் 1955க்கும் நடுவில் வந்த அந்த முறை என்ன? 1951 மார்ச் 29இல் பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட் என்பவர் ஒரு நோயாளியின் வீங்கிய வயிற்றுப் பெருந்தமனியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த தமனித் துண்டை அங்கே வைத்துத் தைத்தார். நோயாளி பிழைத்தார். ஆனால் எல்லோருக்கும் எங்கே போய்த் தமனி எடுப்பது?

பதில் தையல் மெஷினிலிருந்து வந்தது. தையல் படித்த என் மாணவிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு நாயின் இதயத்துக்குள் முன்பு போட்டு விட்டுப்போன பட்டு நூலைப் பார்த்தார். அந்த நூலின் மேல் உடம்பே வழுவழுப்பான ஒரு படலத்தை வளர்த்திருந்தது. ஒரு நூலுக்கு இப்படி என்றால், துணியால் ஒரு குழாய் தைத்து வைத்தால் அதன் உட்புறமும் இப்படிப் பூசிக்கொள்ளாதா என்று யோசித்தார். 1952இல் நாய்களிடம் அதைச் செய்து காட்டினார். அடுத்த வருடமே மனிதர்களுக்கும் துணிக்குழாய் வந்துவிட்டது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி. பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். சிறுவயதில் அம்மாவிடமே தையல் கற்றுக்கொண்டவர். தமனிக்கு ஏற்ற துணி தேடி ஊரிலிருந்த பெரிய கடை ஒன்றுக்குப் போய் நைலான் கேட்டார். தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். வாங்கி வந்து மனைவியின் தையல் மெஷினில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் குழாயாக அவரே தைத்தார். டேக்ரான் என்றதும் ஏதோ விண்வெளிப் பொருள் என்று நினைக்காதீர்கள். பாலியெஸ்டர்தான். 1970களில் நம் ஊர் மாப்பிள்ளைகள் எல்லோரும் ஆசைப்பட்டுப் போட்ட டெரிகாட்டன் சட்டையில் பருத்தியோடு கலந்திருந்த அதே இழை. நைலான் இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பார். உடம்புக்குள் நைலான் நாளடைவில் வலுவிழக்கும், டேக்ரான் அப்படி இழப்பதில்லை. கடையில் சரக்கு தீர்ந்துபோனதும் ஒரு நன்மைக்கே ஆயிற்று.

1954இல் டிபேக்கியின் குழுவினர் பெருந்தமனிக் கிழிசலுக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள், 1955இல் அதை எழுதி வெளியிட்டார்கள். நோயைக் கிழிசல் எங்கே இருக்கிறது என்பதை வைத்து வகைப்படுத்தியவரும் அவர்தான். பிறகு 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அதை இன்னும் எளிதாக்கினார்கள். இதயத்தை விட்டு மேலே எழும் பகுதியில் கிழிசல் இருந்தால் 'ஏ', உடனே அறுவை சிகிச்சை. அந்தப் பகுதியைத் தொடாமல் இருந்தால் 'பி', பெரும்பாலும் முதலில் மருந்து.

மருந்தா, கிழிந்த குழாய்க்கு மருந்து என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இங்கேதான் வான்கோழி வருகிறது. அமெரிக்கப் பண்ணைகளில் வான்கோழிகள் பெருந்தமனி வெடித்துத் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்ததும் சாவு குறைந்தது. கோழிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்காதா? 1965இல் மைரன் வீட் என்ற மருத்துவர், ரத்த அழுத்தத்தையும் இதயம் அடிக்கும் வேகத்தையும் மருந்தால் இறக்கி, அறுவை சிகிச்சை இல்லாமலே கிழிசல் நோயாளிகளைப் பிழைக்க வைத்ததை வெளியிட்டார். அடி மெதுவாக விழுந்தால் கிழிசல் மேலும் ஓடாது. அவ்வளவுதான் தத்துவம்.

அவர் கொடுத்த மருந்துகளில் ரெசர்பினும் ஒன்று. அது எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டுச் சர்ப்பகந்தா மூலிகையின் வேரிலிருந்து. அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். இன்று ரெசர்பின் அதிகம் புழக்கத்தில் இல்லை, வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் இந்த வரலாற்றில் நம் காட்டு வேர் ஒன்றுக்கும் இடம் உண்டு. இதைச் சொன்னதும் யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்! வேரைக் கடித்துக் கிழிசலை நிறுத்த முடியாது.

படம் பிடிப்பதும் முன்னேறியது. 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1979இல் அவருக்கும் கார்மேக்குக்கும் நோபல் பரிசு. பிறகு சி.டி. உடம்பு முழுவதற்கும் வந்தது. முன்பு பிணப் பரிசோதனையில் மட்டும் தெரிந்த கிழிசல், இப்போது சில நிமிடங்களில் கணினித் திரையில் தெரிகிறது.

கடைசிப் பெரிய படி, வயிற்றைத் திறக்காமலே சரிசெய்வது. 1987இல் அன்றைய சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் என்ற மருத்துவர், சுருக்கி வைத்த துணிக்குழாயை ரத்தக் குழாய் வழியாகவே உள்ளே அனுப்பி, மார்புப் பெருந்தமனியில் விரியவைத்தார். ரஷ்ய மொழியில் எழுதியதால் வெளியுலகத்துக்கு நீண்ட நாள் தெரியவில்லை. 1990இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் குவான் பரோடி, வயிற்று வீக்கத்துக்கு அதே தத்துவத்தில் செய்தார். தொடை இடுக்கில் சின்ன வெட்டு, அதன் வழியே குடை போல மடித்த குழாய், உரிய இடத்தில் போய் விரித்துவிடுவது. பழைய தமனிக்குள் புதுக் குழாய் நின்றுகொண்டு ரத்தத்தைத் தன் வழியே அனுப்பும். வீங்கிய சுவரில் அடி விழாது.

டிபேக்கியை விட்டுவிட்டேனே. 2005 டிசம்பர் 31. அவருக்கு 97 வயது. வீட்டில் தனியே உட்கார்ந்து ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென மார்பிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கொடிய வலி. எந்த நோய்க்கு அவர் வைத்தியம் கண்டாரோ அதே கிழிசல். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார், அறுவை சிகிச்சையும் வேண்டாம் என்றார். நாளாக நாளாக நினைவு தப்பியது. 97 வயது ஆளை மயக்கத்தில் வைத்து இவ்வளவு பெரிய அறுவை செய்யலாமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே வாக்குவாதம், நெறிமுறைக் குழுக் கூட்டம். கடைசியில் மனைவியின் வற்புறுத்தலில் 2006 பிப்ரவரியில் அவரோடு பல வருடம் வேலை பார்த்த ஜார்ஜ் நூன் தலைமையில் ஏழு மணி நேர அறுவை. அவர் வடிவமைத்த வழியில் வந்த டேக்ரான் குழாய் அவர் மார்பிலேயே பொருத்தப்பட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார், மறுபடி வேலைக்கும் போனார். 2008 ஜூலையில், நூறு வயதாக இரண்டு மாதம் இருக்கும்போது இறந்தார். ஐன்ஸ்டைன் மறுத்தார், மறுத்தபடியே விட்டார்கள். டிபேக்கி மறுத்தார், மீறிச் செய்தார்கள், பிழைத்தபின் அவர் சந்தோஷப்பட்டார். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பாருங்கள்.

இத்தனை கருவி வந்தும் இந்த நோய் இன்னும் ஏமாற்றுகிறது. காரணம் எளிது. நெஞ்சு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்காது. மாரடைப்பு, வாயு, தசைப்பிடிப்பு, கிட்னிக் கல் என்று தினமும் பார்க்கும் நோய்களே டாக்டர் மனதில் முதலில் வரும். ஈ.சி.ஜி. நன்றாகவே இருக்கலாம், எக்ஸ்ரேயும் நன்றாகவே இருக்கலாம். 1996இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுப் பதிவேடு, பல நாட்டு ஆஸ்பத்திரிகளின் கிழிசல் நோயாளிகளைத் தொகுத்து 2000இல் 464 பேரின் விவரத்தை வெளியிட்டது. அதில் முக்கியமாகத் தெரிந்தது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலி திடீரென்று வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை, வந்த கணத்திலேயே உச்சம். இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, மாரடைப்பு என்று நினைத்து ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் கிழிசல்காரருக்கு அது ஆபத்தாக முடியலாம். அதனால்தான் சந்தேகம் வந்தால் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்து, சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். மேல்பகுதிக் கிழிசலில் முதல் இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறப்பதாகப் பல காலம் கணக்குச் சொன்னார்கள். புதிய கணக்கில் அது குறைந்திருக்கிறது. இருந்தாலும் மணி நேரம்தான் இங்கே அளவு, நாள் இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளோ ஹைமன் என்று அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை. ஆறடி ஐந்து அங்குல உயரம். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். பரிசோதனையில் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம் மார்ஃபான் என்ற பிறவிக் கோளாறு. 1896இல் பாரிஸ் குழந்தை மருத்துவர் மார்ஃபான் நீண்ட மெல்லிய விரல்கள் கொண்ட ஒரு சிறுமியிடம் முதலில் விவரித்தது. தமனிச் சுவரின் நார்களை உண்டாக்கும் மரபணுவில் பழுது என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். ஹைமன் இறந்த பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே கோளாறு இருந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு மரணத்தின் காரணம் சரியாகத் தெரிந்ததால் இன்னோர் உயிர் தப்பியது. உங்கள் வகுப்பில் வயதுக்கு மீறிய உயரம், நீண்ட கைகால் விரல்கள், வளைந்த முதுகு, தடித்த கண்ணாடி என்று எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளை இருந்தால், விளையாட்டு அணியில் சேர்க்கும் முன் ஒரு எக்கோ பார்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உயரமான பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் என்று பயமுறுத்தவும் வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

2003இல் எங்கள் பெரியண்ணன் இறந்தபோது 61 வயது. பீடி பழக்கம் விடலைப் பருவத்திலிருந்தே உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவருக்குத் திடீரென இடுப்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி, வேர்வை, ஒரு தடவை மயக்கம். பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் கிட்னிக் கல் என்று ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். இரவு 9 மணிக்குப் போய்விட்டார். 'ஹார்ட் அட்டாக்' என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. வெடிக்கும் வயிற்றுத் தமனி வீக்கம் கிட்னிக் கல் போலவே வேடம் போடும் என்று எல்லா மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது, அவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அதுதான் நடந்ததா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் தம்பிக்கு 2016இல் வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது தமனி 4.3 செ.மீ. இருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?" தம்பி சிகரெட்டை அன்றே விட்டான். 5.5 செ.மீ. வரை பொறுத்துப் பார்ப்பதுதான் முறை என்று அவனுக்கு விளக்கினார்கள். அதுவும் ஆராய்ச்சியில் வந்த முடிவுதான். 1998இல் இங்கிலாந்தில் 1,090 பேரை வைத்து, சின்ன வீக்கத்துக்கு அவசரப்பட்டு அறுவை செய்வதால் கூடுதல் ஆயுள் இல்லை என்று காட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, 2021இல் 5.6 ஆனதும் தொடை வழியே குழாய் வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். வருடா வருடம் ஸ்கேன் எடுத்து, குழாய் நகரவில்லை, ஓரத்தில் கசியவில்லை என்று பார்க்க வேண்டும். நீங்கள் குழுவில் பார்த்தது அந்த வருடாந்திர ரிப்போர்ட். நன்றாக இருக்கிறது.

இந்தப் பதிவில் நான் முக்கியமாகப் பேச நினைப்பது என் அண்ணன் பிள்ளைகளிடம். இந்த வீக்கம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் வரிசையில் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். தம்பிக்குத் தெரிந்ததும் நான் போய் ஸ்கேன் எடுத்தேன். 1.9 செ.மீ., நலம். பெண்களுக்கு இது குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் சின்ன அளவிலேயே வெடிக்கும் என்பதால் எடுத்தேன். உங்கள் இருவரிடமும் நான்கு வருடமாகக் கேட்கிறேன். பெரியவன் "நேரமில்லை அத்தை" என்கிறான். சின்னவன் "தேவையில்லாமல் நோயை ஏன் தேடிப் போகணும்" என்கிறான். மதினியோ "நல்ல நாளும் அதுவுமாக அதைப் பேசாதே" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். அண்ணன் படத்துக்கு முன் விளக்கேற்றும் வீட்டில் அவள் பயம் எனக்குப் புரிகிறது.

கண்ணுகளா, இது ஊசி இல்லாத, வலி இல்லாத சோதனை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே அதே ஸ்கேன், வயிற்றில் ஜெல் தடவிப் பத்து நிமிடம். இங்கிலாந்தில் 67,800 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். அழைத்த பாதியில் இந்த வீக்கத்தால் வந்த மரணம் 42 சதவீதம் குறைந்தது என்று 2002இல் வெளியிட்டார்கள். அதன் பலனாக 2009 முதல் அங்கே 65 வயதாகும் ஆண்களுக்கு அரசே கடிதம் போட்டு அழைக்கிறது. நம் நாட்டில் அப்படிக் கடிதம் வராது. அதனால் அத்தை போடுகிறேன் இந்தக் கடிதத்தை. பெரியவனுக்கு 56, சின்னவனுக்கு 53. சின்னவன் புகைக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கும் சுருக்கமாக: புகை பிடிப்பவர், பிடித்தவர், 65ஐத் தொட்ட ஆண்கள், வீட்டில் யாருக்காவது தமனி வீக்கமோ கிழிசலோ, காரணம் தெரியாத திடீர் மரணமோ இருந்தவர்கள், உங்கள் டாக்டரிடம் இந்த ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பிரஷர் மாத்திரையை "இப்போது நன்றாக இருக்கிறதே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி வந்தால் சோடா, இஞ்சிச் சாறு என்று நேரத்தைக் கழிக்காமல் 108ஐக் கூப்பிட்டு, சி.டி. வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் குடும்ப வரலாற்றை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செவிலியராகவும் டாக்டராகவும் இருக்கும் என் பிள்ளைகள் ஏதாவது விடுபட்டிருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் கேள்வி கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன், இல்லையென்றால் அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். அண்ணன் பிள்ளைகள் மட்டும் கேள்வி கேட்க வேண்டாம். எந்தத் தேதியில் ஸ்கேன் என்று எழுதினால் போதும். வருகிற சனிக்கிழமை நானே துணைக்கு வருகிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்